இருபதும் இருபதும்

எங்கள் செறளாயித் தெருவில் சிவப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனவர் வாஞ்சிநாதன் ஒருவர்தான். வெயிலுக்காக என்று நினைத்துவிட வேண்டாம். குடை பிடித்துக்கொண்டு போகும் மழை நாளிலும் அது மூக்கின் மேல் இருக்கும். தர்ம ஆஸ்பத்திரியில் அவர் எக்ஸ்ரே டெக்னீஷியன். ஆளை மெஷினுக்கும் திரைக்கும் நடுவில் நிறுத்தி, நெஞ்சுக்குள் நடப்பதை நேராகவே பார்ப்பதற்கு 'ஸ்க்ரீனிங்' என்று பெயர். அந்தத் திரை மின்மினி அளவுக்குத்தான் ஒளிரும். அதனால் அறை கும்மிருட்டாக இருக்க வேண்டும், பார்ப்பவர் கண்ணும் முன்கூட்டியே இருட்டுக்குப் பழகியிருக்க வேண்டும். அதற்குத்தான் அரை மணி நேரம் சிவப்புக் கண்ணாடி. டாக்டர் அதை ஆஸ்பத்திரிக்குள் போன பிறகு மாட்டிக்கொள்வார். நம்முடையவர் வீட்டு வாசலிலேயே மாட்டிக்கொள்வார். இல்லாவிட்டால் தெருவுக்கு எப்படித் தெரியும்?

அவருடைய மனைவி கமலாக்ஷி. கல்யாணமாகி மூன்று வருஷம். அவர்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். நான் ஒட்டுக் கேட்கிறவள் என்று தெருவில் சொல்வார்கள், நம்பாதீர்கள். அந்தச் சுவருக்குத்தான் எதையும் தன்னிடம் வைத்துக்கொள்ளத் தெரியாது.

கமலுவைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமை உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவளுக்கு, பிறர் பார்த்துவிடுவார்களோ என்று பயப்படும்படியாக ஒரு கணவர் இருந்தார். என் வீட்டுக்காரர் மிளகுக் கம்பெனியில் எழுத்து வேலை. காலையில் தும்மிக்கொண்டே போவார், சாயங்காலம் தும்மிக்கொண்டே வருவார். அவரை வைத்து யார்மேலும் சந்தேகப்பட எனக்கு ஒரு நாள்கூட வாய்க்கவில்லை.

எழுபத்தெட்டாம் வருஷம் வேலூரில் படித்த டாக்டர் வெங்கிடேஸ்வரன் இங்கே வந்து சேர்ந்தார். பஜார் ரோட்டுக் கிடங்குகளில் சுக்கும் மிளகும் மூட்டை தூக்குகிறவர்கள் வருஷக்கணக்காக இருமிக்கொண்டிருந்தார்கள். யாராவது ஒருவர் நெஞ்சில் கட்டி மாதிரி ஏதாவது தெரிந்தால், அதுவரை படகேற்றி எர்ணாகுளத்துக்கு அனுப்புவார்கள். இவர் இங்கேயே பார்த்தார். திரையைப் பார்த்துக்கொண்டே விலா எலும்புகளுக்கு நடுவே நீள ஊசியைச் செலுத்தி, கட்டியிலிருந்து ஒரு சொட்டு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார். ஊசி உள்ளே இருக்கும்போது நோயாளி அசைந்தால் ஆபத்து. தோளையும் கையையும் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் பக்கத்திலேயே நிற்க வேண்டும்.

அப்படிப் பிடித்துக்கொள்ள வந்தவள்தான் சந்தனமாரி.

தென்காசிப் பக்கத்துப் பெண். கட்டட வேலைக்கு என்று கணவனோடு வந்தாள். கணவன் பம்பாய்க்கு என்று போனான். அவன் போய்ச் சேர்ந்தானா என்பதுகூட அவளுக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியில் ஆயாவாகச் சேர்ந்தாள். வயது இருபத்தாறு இருக்கும். அவள் சிரித்தால் வார்டில் இருமல் நிற்கும் என்று எங்கள் பால்காரன் அப்பு சொல்லுவான். இதை அவன் கமலு காதுபடச் சொல்லியிருக்க வேண்டாம்.

இருட்டு அறை. உள்ளே டாக்டர், நோயாளி, வாஞ்சிநாதன், சந்தனமாரி. இதில் கமலு டாக்டரையும் நோயாளியையும் கழித்துவிட்டு மிச்சத்தைக் கூட்டினாள்.

அந்த வருஷம் திருப்பூணித்துறையிலிருந்து அவளுடைய அண்ணா வந்திருந்தார். சாப்பிட்டுக் கை கழுவும்போது, "எக்ஸ்ரேகாராளுக்குக் குழந்தை பிறக்காதுன்னு சொல்றாளே, நெஜமா?" என்று பொதுவாகக் கேட்டுவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று போய்விட்டார். வாஞ்சிநாதனுக்கு அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை. மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு காகிதத்தைக் கையோடு கொண்டுவந்து கமலுவுக்குப் பாடம் நடத்தினார். சுவர் வழியாக எனக்கும்.

"இதோ பாரு கமலு. எங்களுக்கெல்லாம் பேட்ஜுன்னு ஒண்ணு உண்டு. தீப்பெட்டி கணக்கா இருக்கும், உள்ள ஒரு துண்டு ஃபிலிம். அதை நெஞ்சில குத்திண்டுதான் வேலை செய்யணும். மாசம் முடிஞ்சா பம்பாய்ல இருக்கற அணுசக்தி ஆபீஸுக்கு அனுப்புவோம். யார்மேல எத்தனை கதிர் பட்டதுன்னு அவா பார்த்து நம்பர் போட்டு அனுப்புவா. எனக்கு எத்தனை? இருபது. மாசத்துக்கு நானூறு வரைக்கும் பயமே வேண்டாம். இருபதெல்லாம் ஒண்ணுமே இல்லை."

"அது எப்படி இத்தனை கொறச்சலா இருக்கு?"

"தூரம்! ஒரு அடியில நிக்கறவன் ரெண்டு அடிக்கு நகர்ந்தா நாலில் ஒரு பங்குதான் படும். மூணு அடின்னா ஒம்பதில் ஒரு பங்கு. யார் எங்க நின்னான்னு மொத்தமும் இந்த நம்பர்ல வந்துடும். வாயால பொய் சொல்லலாம், இது சொல்லாது."

கமலு பத்தாவதில் கணக்கில் முதல் மார்க் வாங்கியவள் என்பதை அவர் மறந்துவிட்டார்.

மறுநாள் அவர் சிவப்புக் கண்ணாடியோடு தெருமுனை திரும்பியதும் அவள் என் சமையலறைக்குள் வந்து நின்றாள். கையில் அந்தக் காகிதம்.

"பாக்யம் மாமி, இதைப் பாருங்கோ. டாக்டருக்கு எண்பது. இவருக்கு இருபது. அவளுக்கு?"

"எவளுக்கு?"

"அவளுக்குத்தான். இருபது! போன மாசம் இவருக்கு இருபத்தஞ்சு, அவளுக்கும் இருபத்தஞ்சு. அதுக்கு முந்தின மாசம் பதினெட்டும் பதினெட்டும்."

"அதுக்கு என்னடி இப்போ?"

"என்னவா? தூரம் ஒண்ணா இருந்தாத்தானே நம்பர் ஒண்ணா வரும்? டாக்டர் ஒரு எடத்தில நிக்கறார். இவா ரெண்டு பேரும் வேற எடத்தில, ஒரே எடத்தில. ஒட்டிண்டு! மூணு மாசமா! ஒரு மாசமாவது ஒண்ணு ரெண்டு மாறக் கூடாதா மாமி?"

அடுப்பில் கப்பைக் கிழங்கு வெந்துகொண்டிருந்தது. நான் அதைக் கிளறினேன். தர்மத்தின்படி நான் சொல்லியிருக்க வேண்டியது, 'போடி, வேலையைப் பாரு' என்பது. நான் சொன்னது, "பதினெட்டும் பதினெட்டுமா? நன்னாப் பார்த்தியா?"

அன்று மத்தியானமே இருவரும் டிபன் பாத்திரத்தோடு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். வழக்கமாக அதை எடுத்துப்போக ஒரு ஆள் உண்டு. அன்று முதல் அந்த ஆளுக்கு வேலை போயிற்று.

எக்ஸ்ரே அறையின் வாசலை ஒட்டி வாஞ்சிநாதனின் சின்ன மேஜை. அதற்கு மேலே குருவாயூரப்பன் படம். படத்துக்குக் கீழே ஒரு ஆணி. ஆணியில் ஒரு முழம் மல்லிகை, மல்லிகைக்கு அடியில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பேட்ஜ்கள். காற்றில் ஒன்றோடொன்று உரசி டக் டக்கென்று சத்தம் வேறு.

கமலு டிபனை மேஜைமேல் வைத்தாள்.

"இது யாரோடது?"

"என்னோடது."

"பக்கத்தில?"

"அது மாரியோடது. ஏன்?"

"இந்த ஆஸ்பத்திரியில ஆணிக்கு அவ்வளவு பஞ்சமா? ரெண்டுக்கும் சேர்த்து ஒண்ணுதான் கிடைச்சுதா?"

வாஞ்சிநாதன் என்னைப் பார்த்தார். நான் குருவாயூரப்பனைப் பார்த்தேன்.

"கத்தாதே. பம்பாய் சாமான், தொலைஞ்சா நான்தான் பதில் சொல்லணும். போட்டுண்டா வேர்வை பட்டு ஃபிலிம் கறுத்துப் போயிடும். அப்புறம் இல்லாத நம்பரெல்லாம் வரும். ஆலுவாவில ஒருத்தனுக்கு அப்படித்தான் நம்பர் கூடி, மெஷின்லேர்ந்து மாத்தி ஓ.பி. சீட்டு எழுத உட்கார்த்திட்டா. அதனால நான் பத்ரமா இங்கேயே மாட்டி வெச்சிருக்கேன். டாக்டர் அவரோடதை அவரே போட்டுப்பார்."

இருபதும் இருபதும் எப்படி வந்தது என்று எனக்குப் புரிந்துவிட்டது. ஆள்கள் எங்கே நின்றால் என்ன, பேட்ஜ்கள் இரண்டும் மூன்று மாதமாக ஒரே சுவரில் பூ வைத்துக்கொண்டு தொங்கியிருக்கின்றன. சுவருக்கு எத்தனை பட்டதோ அதைப் பம்பாய்க்காரர்கள் இரண்டு பேர் பெயரிலும் எழுதி அனுப்பியிருக்கிறார்கள். வேறு யாராக இருந்தாலும் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

கமலு சிரிக்கவில்லை. "அப்போ உங்களோட நெஜ நம்பர் என்னன்னு யாருக்குமே தெரியாது?"

"அது வந்து..."

"அவளோடதும் தெரியாது."

"கமலு, டாக்டர் வரார்."

"வரட்டும்."

டாக்டர் வந்தார். உயரமான, கொஞ்சம் கூனல் போட்ட மனிதர். ஆணியிலிருந்து கணவரின் பேட்ஜை எடுத்து அவர் சட்டையில் கமலு குத்திக்கொண்டிருப்பதைப் பார்த்து, "பலே மாமி. சாப்பிடக் கழட்டினா திருப்பிப் போட்டுக்க மறந்துடறா எல்லாரும். நீங்களாவது ஓர்மைப்படுத்துங்கோ" என்று சொல்லிக்கொண்டே போய்விட்டார். அதன் பிறகு வாஞ்சிநாதனுக்கு வேறு வழி ஏது? போட்டுக்கொள்வதற்கென்றே உள்ளதைப் போட்டுக்கொள்ள மாட்டேன் என்று யாரிடம் சொல்ல?

வாளியோடு வந்த சந்தனமாரியைக் கமலு நிறுத்தினாள். "இங்க வா. இது உன்னோடது. உன்கிட்டதான் இருக்கணும்."

"எங்கிட்டயா? சார்தான் தொடாதன்னு சொன்னாவ."

"இனிமே நான் சொல்றேன். நில்லு."

"பாத்துக் குத்துங்கம்மா, சட்ட புதுசு. இத மாட்டுனா சம்பளம் கூட்டித் தருவாவளா?"

அதுவும் போதாதென்று கமலு பையிலிருந்து ஊசியும் மஞ்சள் நூலும் எடுத்து, பேட்ஜின் வளையத்தைச் சந்தனமாரியின் ரவிக்கையோடு சேர்த்து நாலு தையல் போட்டாள். கணவரின் சட்டையிலும் நாலு. நடுவில் கழற்றினால் தெரிந்துவிடுமாம். கணக்கு இதுதான்: இரண்டு பேரும் ஒட்டி நிற்கிறார்கள் என்றால், இனிமேலும் இரண்டு எண்ணும் ஒன்றாக வரும். மாறினால் அவளுக்கு அவள் கணவர் உண்டு. மாறாவிட்டால்? "மாறலைன்னா நான் திருப்பூணித்துறைக்குப் போயிடுவேன் மாமி, சத்தியமா" என்றாள் திரும்பி வரும் வழியில். எனக்கு அப்போதுதான் இது வெறும் வேடிக்கை அல்ல என்று உறைத்தது. உறைத்தாலும் மறுநாளும் கூடப் போனேன்.

புது மாதம், புது ஃபிலிம். காலை எட்டரைக்குத் தையல். ஒரு மணிக்கு டிபனோடு சோதனை. நாலரைக்கு நூலை வெட்டிக் கழற்றி, கணவருடையதைக் குருவாயூரப்பனுக்குக் கீழேயும் சந்தனமாரியுடையதை நடைக்கு அந்தப் பக்கம், சீட்டு எழுதும் அறை அலமாரியிலும் வைப்பாள். ஆள் இல்லாத நேரத்தில்கூட அவை ஒன்றாக இருக்கக் கூடாது. முப்பது நாளில் ஞாயிறு தவிர ஒரு நாள் தவறவில்லை. பந்த் நடந்த நாளில் கடை ஒன்றும் திறக்கவில்லை, நாங்கள் போனோம். பம்பாயில் சட்டம் போட்டவர்கள் கமலுவைப் பார்த்திருந்தால் கும்பிட்டிருப்பார்கள்.

தெரு சிரித்தது. கமலாக்ஷிக்கு ஆஸ்பத்திரியில் தையல்காரி உத்தியோகம் என்று சொன்னார்கள். வாஞ்சிநாதன் சிவப்புக் கண்ணாடியை வீட்டு வாசலில் மாட்டுவதை நிறுத்திவிட்டார்.

ஒரு நாள் கமலு உள்ளே இருக்கும்போது சந்தனமாரி என் பக்கத்தில் வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"எக்கா, அந்தம்மா எம்மேல சந்தேகப்படுதாவ. எனக்குத் தெரியும்."

"சேச்சே, அதெல்லாம்..."

"படட்டும். புருசன் வேணும்னு இருக்கவதான் சந்தேகப்படுவா. எனக்கும் ஒரு காலத்துல அப்பிடி இருந்துச்சு. அவன் பல்லு வெளக்கக் கெணத்தடிக்குப் போனாக்கூடப் பின்னாலயே போவேன்." சிரித்தாள். வார்டில் இருமல் நின்றதோ என்னவோ, நான் சொல்ல வந்த பொய் நின்றது.

ஃபிலிம்கள் பம்பாய்க்குப் போயின. பதில் வர ஆறு வாரம். அந்த ஆறு வாரமும் கமலு கோயிலுக்குப் போனாள், பிரதக்ஷிணம் வைத்தாள், சாப்பாட்டில் உப்பு மறந்தாள். ஒரு மழை நாளில் மத்தியானமே வீடு திரும்பிய வாஞ்சிநாதன் பேயறைந்தவர் போல இருந்தார். சட்டைப்பையில் காகிதம். அதை அவர் வெளியே எடுக்கும் முன் அவள் எடுத்துவிட்டாள்.

கால் மணி நேரம் சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. எனக்கு உயிர் போய்விட்டது. பிறகு எங்கள் வாசலில் கமலு. கையில் ஒரு கிண்ணம் சேமியாப் பாயசம்.

"பதினஞ்சு மாமி! இவருக்குப் பதினஞ்சு!"

"அவளுக்கு?"

"அறுநூத்தி இருபது!"

காலண்டரைக் கிழித்து அதன் முதுகில் கணக்குப் போட்டு வைத்திருந்தாள். அறுநூற்று இருபதைப் பதினைந்தால் வகுத்தால் நாற்பத்தொன்று. நாற்பத்தொன்றுக்கு வர்க்கமூலம் ஆறரைக்குக் கொஞ்சம் கீழே. "அவ ஒரு அடியில நின்னா இவர் ஆறு அடிக்கு அந்தப் பக்கம். ஆறு அடி மாமி! கை நீட்டினாக்கூட எட்டாது. நான் என்ன பாவி, இவரைப் போய்..." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இந்த மூன்று வருஷத்தில் அவள் அத்தனை அழகாக இருந்து நான் பார்த்ததில்லை. எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

பாயசம் நன்றாக இருந்தது. ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, நான் சும்மாதான் கேட்டேன், என் சுபாவம் அப்படி. "நானூறுக்கு மேல போனா ஆபத்துன்னு சொன்னாரே? அவளுக்கு மட்டும் எப்படிடி அறுநூறு? கதிரைத் தடுக்கறதுக்கு அந்த ஈய ஏப்ரன் இருக்குமே, பார்த்தோமே?"

"இருக்கு. ரெண்டு. ஒண்ணு டாக்டருக்கு. இன்னொண்ணு நோயாளியைப் பிடிச்சுக்கறவாளுக்கு. பாதிப் பேரை இவர் பிடிக்கணும், பாதிப் பேரை அவ. யாரோட முறையோ அவா கட்டிக்கணும்னு டாக்டர் ஏற்பாடு."

"மாசம் எத்தனை பேர் வருவா?"

"பதினஞ்சு, பதினாறு."

"அதில பாதியை இவர் பிடிச்சாரா?"

கமலு காலண்டர்த் தாளை மறுபடி பார்த்தாள். பாதியைப் பிடித்த மனிதருக்கு, ஏப்ரன் கட்டியிருந்தாலும், பதினைந்து வராது. டாக்டருக்கே எண்பது. பதினைந்து என்றால் அவர் ஒரு ஆளைக்கூடப் பிடிக்கவில்லை, ஸ்விட்சுக்குப் பக்கத்தில் கண்ணாடி வைத்த ஈயத் தடுப்புக்குப் பின்னாலேயே மாதம் முழுக்க நின்றிருக்கிறார். அறுநூற்று இருபது என்றால் அவள்மேல் ஏப்ரன் இருந்ததே இல்லை. எண் பொய் சொல்லாது என்று சொன்னவர் அவர்தான்.

"இருட்டுல டாக்டருக்கு ரெண்டு கை தெரியும்" என்றாள் மெதுவாக. "யாரோடதுன்னு அவருக்கு எப்படித் தெரியும்?"

கிண்ணத்தை வாங்காமலே போய்விட்டாள்.

விளக்கேற்றும் நேரத்துக்கு அந்தக் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்க நான் போனேன். சுவர் இருந்தாலும் சில விஷயங்களை நேரில் கேட்டால்தான் திருப்தி. வாஞ்சிநாதன் நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் பலகை வைத்து, ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டிருந்தார். பம்பாயிலிருந்து எண்ணோடு ஒரு கடிதமும் வந்திருக்கிறது: இந்த ஆளுக்கு இத்தனை எப்படிப் பட்டது, விளக்கவும். விளக்கத்தை எழுதித் தரும்படி ஆஸ்பத்திரி செக்ரட்டரி இவரிடமே சொல்லிவிட்டார். பேட்ஜுக்குப் பொறுப்பாளர் இவர்தானே.

"என்ன எழுதறேள்?" என்று கமலு கேட்டாள்.

"ஆயா கவனக்குறைவா பேட்ஜைக் கழட்டி மெஷின் மேஜையில வெச்சுட்டா, அதனாலதான் கூடிப் போச்சுன்னு. செக்ரட்டரியும் அப்படித்தான் எழுதச் சொன்னார். அவளை நிறுத்திட்டா விஷயம் தீர்ந்தது." தலை நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். "இனிமே அவ அந்த ஆஸ்பத்திரியிலேயே இருக்க மாட்டா. உனக்கும் நிம்மதிதானே?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மனிதர் எதை எடுத்து நீட்டுகிறார் பாருங்கள். இத்தனை மாதமாக அவள் வேண்டிக்கொண்டதை அப்படியே தாம்பாளத்தில் வைத்துக் கொடுக்கிறார். நானாக இருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். ஒரு நிமிஷம் அவளும் வாங்கிக்கொள்வாள் என்றுதான் நினைத்தேன். அவள் முகத்தில் அந்த ஆசை வந்துபோனது. நான் பார்த்தேன்.

"எந்தக் கிழமை வெச்சா?" என்றாள்.

"என்னது?"

"மெஷின் மேஜையில. எந்தக் கிழமை? எட்டரைக்கு நான் தெச்சு விட்டேன். ஒரு மணிக்குப் பார்த்தேன். நாலரைக்கு நான் வெட்டினேன். முப்பது நாளும் என்னோட நூல் அப்படியே இருந்தது. மாமி கூடவே இருந்தா. கேளுங்கோ."

நான் தலையாட்டினேன். நானும் சாட்சியாகிவிட்டேன் என்பது தலையாட்டிய பிறகுதான் தெரிந்தது.

"நீ எதுக்கு முப்பது நாள் அங்க காவல் இருந்தேன்னு கேப்பாளே. என்ன சொல்லுவ?"

"என் ஆத்துக்காரர் மேல சந்தேகப்பட்டேன்னு சொல்லுவேன்."

"செக்ரட்டரிகிட்டயா?"

"செக்ரட்டரிகிட்ட, டாக்டர்கிட்ட. வேணும்னா பம்பாய்க்கும் எழுதிப் போடறேன், மலையாளத்தில. இத்தனை நாள் தெருவே சிரிச்சாச்சு, அவாளும் சிரிக்கட்டும்."

வாஞ்சிநாதன் பேனாவை மூடினார். திறந்தார். மூடினார்.

"எட்டுக் கிலோ ஈயத்தைக் கட்டிண்டு, அதுக்கும் மேல தடுப்புக்குப் பின்னாடி. அவளை வெறும் ரவிக்கையோட முன்னாடி நிறுத்திட்டு. என்ன பயம் உங்களுக்கு? எதுக்கு?"

அவர் குரல் சுவர் வழியாக வந்திருந்தால் எனக்குக் கேட்டிருக்காது. அத்தனை மெல்லச் சொன்னார். "உங்க அண்ணா சொன்னாரே. குழந்தை பிறக்காதுன்னு."

கமலு ஒரு அடி அவர் பக்கம் வந்தாள். அவர்மேல் அவளுக்கு இரக்கம் வந்தது என்று தெரிந்தது, கைகூட ஒரு முறை அவர் தோள் பக்கம் போனது. ஆனால் தோளைத் தொடவில்லை. மடியிலிருந்த காகிதத்தைத்தான் எடுத்தாள்.

"அவளுக்கு வயறு இல்லையா?"

மறுநாள் காலையில் டாக்டர் முழுவதையும் கேட்டார். கமலுதான் சொன்னாள், ஒன்றையும் விடாமல்: இருபதும் இருபதும், ஆணி, மல்லிகை, மஞ்சள் நூல், ஒட்டி நின்றார்கள் என்று தான் போட்ட கணக்கு. சொல்லும்போது காது வரை சிவந்திருந்தது. வாஞ்சிநாதன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். செக்ரட்டரி ஒரு தடவை சிரித்தார், டாக்டர் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினார்.

"எனக்கும் அந்த இருபதும் இருபதும் வந்தது மாமி" என்றார் டாக்டர் கடைசியில். "ரெண்டு பேரும் மாறி மாறிப் பிடிக்கறா, சரிபாதி, எத்தனை நியாயமா நடக்கறதுன்னு சந்தோஷப்பட்டேன். ஒரு நாளாவது விளக்கைப் போட்டுப் பார்த்திருக்கணும்."

பம்பாய்க்கு விளக்கம் டாக்டரே எழுதுவதாக முடிவாயிற்று, உள்ளது உள்ளபடி. முந்தைய மாதங்களில் சந்தனமாரிக்கு எத்தனை பட்டது என்பது இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. அதனால் அவளுக்கு ரத்தப் பரிசோதனை, ஆறு மாதம் மெஷின் பக்கமே வரக் கூடாது, வார்டில் வேலை, அதே சம்பளம். இன்னொரு ஏப்ரன் வாங்க அப்போதே கையெழுத்து. அது வரும்வரை ஸ்விட்சை நர்ஸ் ஒருத்தி தடுப்புக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொள்வாள். நோயாளியைப் பிடிப்பது வாஞ்சிநாதன், ஒவ்வொரு ஆளையும்.

அன்றைக்கே ஒரு நோயாளி இருந்தார். சுக்குக் கிடங்கில் மூட்டை தூக்கும் முகமது இஸ்மாயில், அறை வாசல் பெஞ்சில் சட்டையில்லாமல் உட்கார்ந்திருந்தார். வாஞ்சிநாதன் ஏப்ரனை எடுத்துத் தலை வழியாக மாட்டினார். அது முன்பக்கம் கழுத்திலிருந்து முழங்கால் வரை. நாடாக்கள் இரண்டும் முதுகுப் பக்கம் தொங்கின. அவர் கையைப் பின்னால் கொண்டுபோய்த் துழாவினார். எட்டவில்லை. மறுபடி துழாவினார்.

கமலு பார்த்துக்கொண்டே இருந்தாள். முகம் மாறியது.

"இதைத் தானே கட்டிக்க முடியாதா?"

"முடியாது. பின்னாடி முடிச்சு."

"அப்போ இத்தனை நாளும் யார் கட்டி விட்டா?"

வாஞ்சிநாதன் இன்னொரு தடவை நாடாவைத் துழாவினார். நடையின் அந்தக் கோடியிலிருந்து வாளிச் சத்தத்தோடு சந்தனமாரியின் குரல் வந்தது. "நாந்தாம்மா கட்டுவேன். வேற யாரு? ரெண்டு சுத்துச் சுத்தி இறுக்கணும், இல்லாட்டி சாருக்கு அவுந்து போவும்."

நான் மறுபடி குருவாயூரப்பனைப் பார்த்தேன். கமலு அந்தப் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். எட்டுக் கிலோ ஈயம் அந்தப் பார்வையைத் தாங்கியிருக்காது. பிறகு கணவரைத் தோளைப் பிடித்துத் திருப்பி நிறுத்தினாள். நாடாவை இரண்டு சுற்றுச் சுற்றி, அவருக்கு மூச்சு முட்டுகிற அளவுக்கு இறுக்கி முடிச்சுப் போட்டாள். பேட்ஜ் உள்ளே சட்டையில் இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"சாரே, உள்ள இருட்டா இருக்குமாமே" என்றார் இஸ்மாயில் பெஞ்சிலிருந்து எழுந்தபடி. "ஊசி போடும்போது கைய விட்ராதீங்க."

"விட மாட்டார்" என்றாள் கமலு. கணவரின் முதுகில் இரண்டு கையையும் வைத்து அந்த இருட்டுக்குள் தள்ளினாள். "போங்கோ. கிட்டப் போய் நில்லுங்கோ."